போஸ்டிங்கில் படிக்க ஒரு மணி நேரம்

விராலிமலையில் என் கிளினிக்குக்கு வரும் மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “போஸ்டிங்கும் போய்க்கொண்டு எப்போது சார் படிப்பது?” விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திரு என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. முந்தைய இரவு லேபர் வார்டில் நின்றுவிட்டு வந்த பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

படிப்புக்கு நேரம் தர வேண்டியது கல்லூரி. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமே மாணவர் தானாகப் படிப்பதற்கென்று மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால், அந்த நேரம் விடுபட்ட வகுப்புகளுக்கும் லாக் புக்கில் கையெழுத்து வாங்கக் காத்து நிற்பதற்கும் போய்விடுகிறது.

வார்டு வேறு, படிப்பு வேறு என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கேஸ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியும்போது வயிற்றுவலி என்று எழுகிறார். கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. சற்று நேரத்தில் இமைகள் தொங்குகின்றன. கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அவரை எண்ணச் சொல்லி, மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்ப்பதை மாணவர் காலையில் கட்டிலருகே நின்று பார்க்கிறார். அன்று மாலையே அந்த விஷம் நரம்பும் தசையும் சேருமிடத்தில் என்ன செய்கிறது, விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் ஏன் வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்று படித்தால் ஆயுசுக்கும் மறக்காது. மூன்று வாரம் கழித்துத் தேர்வுக்காகப் படித்தால் அது வெறும் பட்டியல். அந்த மாலை நேரம் தவறினால் காலையில் வார்டில் நின்றதில் பாதி வீண்.

2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் மருத்துவக் கல்லூரிகளில் சேர்கிறார்கள். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது இந்த மாவட்டத்துக்குப் பெரிய வரம். நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு வாங்குவதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்தைக் கடக்கத்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது. நேரத்தைப் பறித்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தான். இடம் கொடுத்த அரசு நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன்களின் நிலை இன்னும் கடினம். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டு போவதும், எக்ஸ்ரே வாங்கி வருவதும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் பயிற்சி ஆகாது. அதற்கு ஆள் போட வேண்டும். இதற்கு நடுவே முதுநிலை நீட் பயம் வேறு. கோச்சிங் வீடியோ பார்க்க வார்டிலிருந்து நழுவுகிற மாணவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நிலைக்கு அவரைத் தள்ளியது நாம்தான். முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். அப்படி ஓர் உச்சவரம்பாவது ஹவுஸ் சர்ஜன்களுக்கும் எழுத்தில் வேண்டும்.

ஒவ்வொரு யூனிட்டும் தினமும் ஒரு மணி நேரத்தைப் படிப்புக்கென்று டியூட்டி பட்டியலிலேயே எழுதட்டும். அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் அந்த நேரத்தில் மாணவரைக் கூப்பிடக் கூடாது. மறுநாள் ரவுண்ட்ஸில், நேற்று பார்த்த நோயாளியைப் பற்றி என்ன படித்தாய் என்று யூனிட் சீஃப் கேட்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கல்லூரி முதல்வர் ஒருவர் கையெழுத்திட்டால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.