கேபிளை வெட்டச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

"இன்னுமா கேபிள் வச்சிருக்கீங்க? வெட்டிட்டு ஆப்புக்கு வாங்க"ன்னு புத்தி சொல்றவங்க தொல்லை தாங்கலை சாமி. பாக்குறதுக்கு மட்டும் காசு குடுத்தா போதுமாம்!

இது பழைய பாட்டு மக்களே. 2003-ல் சென்னையில் சி.ஏ.எஸ். வந்தப்பவும் இதையேதான் பாடினாங்க. கட்டணச் சேனல் தெரியணும்னா பெட்டி வாங்குன்னாங்க. 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்குக் குடுத்தது. 2019-ல் டிராய் 'உங்க சேனல், உங்க இஷ்டம்'னு புது விதி கொண்டாந்துச்சு. நூறு சேனலுக்கே 130 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி., அதுக்கும் மேல கட்டணச் சேனலுக்குத் தனி விலை. இஷ்டம் நம்மளது, பில்லும் நம்மளது :-)

இப்ப ஆப் கதைக்கு வருவோம். 2023-ல் ஜியோசினிமாவில் ஐபிஎல் இலவசம். 2025-ல் அது ஜியோஹாட்ஸ்டார் ஆச்சு, முழு மேட்ச் பாக்க சந்தா கட்டுன்னாச்சு. அதே வருஷம் ஜூன்ல பிரைம் வீடியோவுக்குள்ள விளம்பரம் வந்துச்சு. வேண்டாம்னா மாசம் 129 ரூபாய் தனியா அழணும். பிராட்பேண்ட் செலவை யாருமே கணக்குல சேக்கறதில்லை, கவனிச்சீங்களா?

டிஷ் மட்டும் யோக்கியமான்னா, நல்ல மழையில படம் உறைஞ்சு நிக்கும். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாசக் கட்டணமே இல்ல, ஆனா வீட்ல கேக்குற சீரியல் சேனல் அதுல வராது.

இதுல அடி வாங்குறது வீட்டுப் பெரியவங்கதான். ரிமோட்ல நம்பர் அழுத்தி சீரியல் பாத்த பாட்டி, இப்ப ஓடிபிக்காகப் பேரன் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? ஒரு படம் பாக்கணுமா, ஒரு மாசம் ஆப் போட்டு நிறுத்திக்குங்க. பாட்டி வயர்ல கை வைக்காதீங்கய்யா.