முதல் மருந்துக்கு ஓர் இரவு

2025 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம். முதல் ஆண்டிலேயே 200. காலையில் வந்து கீமோ ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பலாம். பெரிய நகரத்து மருத்துவமனை வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் ‘மாலையில் வீடு திரும்பலாம்’ என்ற இடத்தில் நமக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்டூர்க்காரர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போக, செஞ்சியிலிருந்து மட்டும் திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அதற்கு முன் ஊரிலிருந்து செஞ்சி வரவேண்டும். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. அதுவும் நடந்துபோகும் தூரமல்ல. புதிய மருந்தின் முதல் டோஸ் உடலில் இறங்கிய அன்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவருக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது?

முதல் டோஸ் மற்ற டோஸ்களைப் போன்றதல்ல. இந்த உடல் இந்த மருந்தை எப்படி ஏற்கும் என்பது அன்றுதான் தெரியும். ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்கு நம் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது. முதல்முறை ஏற்றும்போது மணிக்கு 50 மில்லிகிராம் என்று தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து மெல்லத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள். குளிர் நடுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிடுவார்கள். இது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் நாற்காலியில் உட்கார வைத்தே சமாளிக்கலாம்.

வெனிடோகிளாக்ஸ் அப்படியல்ல. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான வெறும் மாத்திரை அது. ஊசி இல்லை, டிரிப்ஸ் இல்லை. அது நன்றாக வேலை செய்வதிலேயே ஆபத்து இருக்கிறது. புற்றணுக்கள் ஒரே நேரத்தில் கூட்டம் கூட்டமாக உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயம் தாளம் தவறும். அதனால்தான் முதல் வாரம் 20 மில்லிகிராம், பிறகு 50, 100, 200 என்று ஏறி ஐந்தாவது வாரம்தான் 400. முதல் இரண்டு படிகளில் மருந்து விழுங்கிய 6 முதல் 8 மணி நேரத்தில் ஒரு ரத்த டெஸ்ட், 24 மணி நேரத்தில் இன்னொன்று. கட்டி பெரிதாக இருப்பவர்களை அந்த இரண்டு முறையும் வார்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது மருந்தின் விதிமுறை. மாத்திரைக்கு எதற்கு அட்மிஷன் என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஐ.ஐ.டி. மும்பையும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களையே மாற்றி ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நாட்டில் அனுமதி கிடைத்தது. இந்த வகைச் சிகிச்சை முடிந்தவர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே 4 வாரம் தங்க வேண்டும் என்றது அமெரிக்க விதி; அனுபவம் கூடியபின் 2025-ல் அதை 2 வாரமாகத் தளர்த்தினார்கள். நாள் குறைந்தது; ‘பக்கத்திலேயே’ என்ற சொல் மாறவில்லை.

முதல் டோஸ் இரவில் தங்க வைக்கக் கேட்டால் ‘பெட் இல்லை’ என்பார்கள். அது பொய்க் காரணம் அல்ல. வெள்ளையணு குறைந்தவரை நெரிசலான வார்டில் படுக்க வைப்பது அவருக்கே தீங்கு என்பதும் சரிதான். மல்லாட்டை பறிக்கும் நாளில் துணைக்கு ஆள் கிடைக்காது, வீட்டில் மாடு இருக்கிறது என்று நோயாளியே கிளம்பிவிடுவதும் உண்டு. எல்லோரையும் தங்க வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. எந்த மருந்து, நோயின் அளவு என்ன என்று பார்க்கும் மருத்துவர், வீடு எத்தனை மணி நேரத் தொலைவு என்பதையும் கேஸ் சீட்டில் எழுதட்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான். அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி கட்டிலை எண்ணிப் பார்த்துத் தயங்கி உட்காரவில்லை.

தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகே தமிழ் பிராமியில் அந்த அறத்தைச் செய்தவர்கள் பற்றிய எழுத்து. வழிப்போக்கராக வந்தவருக்குப் படுக்க இடம் கொடுத்ததைக் கல்லில் எழுதிவைத்த ஊர் அது. இன்றைக்கு அந்த ஊர்க்காரரோடு துணைக்குப் போகிறவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுக்கிறார். மும்பை தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை டாட்டா மருத்துவமனை நோயாளிகளுக்கும் உடன் வருவோருக்கும் இடம் தருகிறது. நம் மாவட்டத் தலைநகரங்களில் அப்படி ஒன்று ஏன் கூடாது?

பணக் கணக்கையும் பேசிவிடுவோம். தனியார் காப்பீட்டில், பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமேயான அட்மிஷனுக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு நாடு முழுவதும் பொதுவாக உள்ளது. முதல் டோஸைக் கண்காணிக்கும் இரவு அந்த விலக்குக்குள் வராது, அது சிகிச்சையேதான் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கண்காணிப்பு இரவுக்கென்று தனி வரி ஒன்றை வெளிப்படையாக எழுதட்டும்.

ஓர் இரவு தங்குவதால் எல்லாம் தீராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள். அப்போது 101 டிகிரி காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாராசிட்டமால் கொடுத்து நாளை வா என்று அனுப்பினால் அது விபரீதம். என்ன மருந்து, என்றைக்குப் போட்டது, காய்ச்சல் வந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாள் நோயாளியின் கையில் இருந்தால் 108 ஊழியரே புரிந்துகொள்வார்.

விழுப்புரத்தில் பகல்நேர மையத்துக்கு மதிப்பீடு போடும்போது, சாய்வு நாற்காலிகளின் எண்ணிக்கைக்குக் கீழேயே நான்கு கட்டில்களையும் சேர்த்து எழுதட்டும். கூடவே இரவுப் பணிக்கு ஒரு செவிலியர், காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுத்து ஏழு மணிக்குள் பொட்டாசியம் சொல்ல ஓர் ஆய்வக நுட்புநர்.