டைட்டர் குறைஞ்சா ஹெபடைடிஸ் பி ஊசி வேஸ்டா?

மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் படிக்கிற பிள்ளை இல்லாத தெரு ஒன்று இருந்தால் சொல்லுங்கள். அதனாலேயே இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். போன வாரம் ஒரு அம்மா மகளின் லேப் ரிப்போர்ட்டோடு வந்தார்.

"டாக்டரே, பிள்ளைக்குச் சின்னதிலேயே மூணு ஊசியும் போட்டாச்சு. இப்ப டைட்டர் 4-னு வந்திருக்கு. எல்லாம் போச்சா?"

போகலைங்க.

டைட்டர் என்பது இன்றைக்கு ரத்தத்தில் சுற்றுகிற எதிர்ப்புப் புரதத்தின் அளவு. வருஷம் போகப் போக அது குறையத்தான் செய்யும். ஆனால் ஊசி உருவாக்கிய நினைவுச் செல்கள் உள்ளேயே இருக்கும். கிருமி நுழைந்தால் அவை விழித்து, சில நாளில் புரதத்தை மறுபடி பெருக்கிவிடும். இந்த வைரஸ் நோயாக மாற பொதுவாக 2, 3 மாசம் எடுக்கும். அந்த அவகாசம் நமக்குப் போதும்.

அலாஸ்காவில் 1981-ல் ஊசி போட்டவர்களை 30 வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் டைட்டர் 10-க்கு மேல் இருந்தது. மீதிப் பேருக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஏறிவிட்டது. குறைந்தது 20 வருஷம், அநேகமாக ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் 5 வருஷத்துக்கு ஒரு பூஸ்டர் போடுவது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

டயாலிசிஸ், எச்.ஐ.வி. நோயாளிகள் கணக்கு வேறு. நர்சிங் பிள்ளைகளும் வேறு. தினமும் ஊசியோடும் ரத்தத்தோடும் வேலை. அவர்களுக்கு ஒரு டோஸ், 1-2 மாசம் கழித்து டெஸ்ட். 10 தாண்டினால் அதோடு முடிந்தது. தாண்டாவிட்டால் மீதி டோஸ்களையும் போட்டு மறுபடி பார்க்கணும்.

"வீட்டுக்காரர் போட்டிருக்காரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்கு டாக்டரே? ரப்பர் பால் வெட்டப் போறவரு."

எனக்குக் கவலையே இங்கேதான். அரசு அட்டவணையில் இந்த ஊசி நாடு முழுக்க வந்ததே 2011-12-ல். அதற்கு முன் பிறந்த பலர் ஒரு டோஸ்கூடப் போட்டதில்லை. இருக்கிற பாதுகாப்பை அளக்க லேப் லேபாக அலைகிறோம். இல்லாதவரை யாரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு முதலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட். நெகட்டிவ் என்றால் இன்றைக்கு ஒன்று, ஒரு மாசத்தில் ஒன்று, ஆறாவது மாசம் ஒன்று. பிறந்த குழந்தைக்கோ 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ். பிரசவ நேரத்தில் தொற்று வந்தால் 10-ல் 9 குழந்தைக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும்.

சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.