வீட்டில் கேட்காத உரையாடல்



தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் உரையாடல் என்றோர் அங்கம் உண்டு. "இதைப் பற்றி உன் கருத்து என்ன?" என்றவுடன் மாணவர் பலர் வாயடைத்துப் போகின்றனர். சொல்வளக் குறைவே காரணம் என்று நாம் சொற்பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறோம். எனக்கோ வேறோர் ஐயம். கருத்து வேறுபட்ட இருவர் தமிழில் அமைதியாகப் பேசிக்கொள்வதை அக்குழந்தை வீட்டில் என்றேனும் கேட்டிருக்கிறதா?

நம் வீடுகள் சிலவற்றில் தாத்தா பகுத்தறிவாளர். அப்பாவோ தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பவர். சில வீடுகளில் இது தலைகீழ். தமிழ்நாட்டு அரசியல் என்றாலோ வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள்தாம் வாதாடுகின்றன; மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர்.

இவ்வேறுபாடு நேற்று முளைத்ததன்று. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்குத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்று உழைத்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். காவடியையும் தீமிதியையும் சீர்திருத்தக்காரர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தனர். இன்றும் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடிகள் சென்றுகொண்டுதான் இருக்கின்றன. வாதத்தில் யாரும் யாரையும் வென்றுவிடவில்லை! ஆயினும் 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிய சாரங்கபாணி, சமயமும் சாதியும் பாராமல் எல்லாரும் வந்து அமர அதில் இடம் வைத்தார். தம் கொள்கையை அதற்காக அவர் கைவிட்டாரில்லை.

வயது முதிர்ந்த தந்தையிடம் பேசும் முறைக்கு வருவோம். "ஏன் கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறீர்கள்?" என்பது குறுக்கு விசாரணை. "எப்போதிலிருந்து உங்களுக்கு இந்த எண்ணம் வந்தது அப்பா?" என்று கேட்டால் கதை வரும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மகன் இவ்வாறு கேட்ட பிறகே, சிறுவயதில் தம் ஊர்க்கோவில் வாசலில் சாதியின் பெயரால் நிறுத்தப்பட்டதை முதன்முதலாகச் சொன்னார். அதுவரை மகன் அதை வெறும் கட்சிப் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தார். மகன் காவடியை விடவில்லை. தந்தையும் கோவிலுக்கு வரவில்லை. தைப்பூசத்தன்று பேரனுக்குத் துணையாகச் சாலையோரம் வரை வந்து நின்றாராம். (கையில் செய்தித்தாளோடுதான்!)

சாப்பாட்டு வேளையில் இப்பேச்சைத் தொடங்க வேண்டா. தாயிடமும் இதே முறைதான். அம்மா விரதம் இருப்பதைப் பிள்ளைகள் எதிரில் கேலி செய்வது வாதமாகாது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என எண்ணவேண்டா. வேற்றினத்தாரையோ வேற்றுச் சமயத்தாரையோ பெரியவர்கள் இழித்துப் பேசினால், "அப்பா, இதை நான் ஏற்கவில்லை" என்று பிள்ளைகளின் காதில் விழும்படியே சொல்லவேண்டும். குரலை உயர்த்தத் தேவையில்லை. 1964ஆம் ஆண்டுக் கலவரத்தின் நினைவாகத்தான் ஜூலை 21இல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுகிறோம். அன்று பிள்ளைக்குப் பட்டாடை உடுத்தி அனுப்பிவிட்டு, மாலையில் வீட்டில் அத்தகைய பேச்சு எழும்போது வாளாவிருந்தால், மறுநாள் வகுப்பில் நாங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பது?