வில்லு வளைந்தால் நியாயம் வந்துவிடுமா?

முதலில் ஒரு சின்னத் தகவல். அமெரிக்காவில் பழைய பாணி நெடுவில்லை (லாங்போ என்பார்கள்) வைத்து வேட்டையாடுகிறவர்கள், அம்பின் வாலில் பெரும்பாலும் வான்கோழி இறகைத்தான் ஒட்டுகிறார்கள். ஓர் அம்புக்கு வழக்கமாக மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இடதும் வலதும் கலந்தால் அம்பு ஒழுங்காகச் சுழலாது. இத்தனை கவனத்தோடு செய்த அந்த அம்பைக் கொண்டு எதை அடிக்கிறார்கள்? வசந்த காலத்தில், வான்கோழியை!

நமக்கு வான்கோழி என்றால் மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் போய் மானம் இழந்த அசட்டுப் பறவை. பாவம், அது மயிலைப் பார்த்ததே இல்லை. வட அமெரிக்காக் காட்டுப் பறவை அது. ஆண் வான்கோழி ஆடுவது பெட்டைக்காக. வாலை விசிறியாக விரித்து, உடம்பெல்லாம் உப்பி, சிறகைத் தரையில் உரசிக்கொண்டு நடக்கும். வேட்டைக்காரன் பெட்டை மாதிரிக் குரல் கொடுத்து, பெட்டை பொம்மை ஒன்றை நட்டு வைத்து, அதை வரவழைப்பதும் அந்த நேரத்தில்தான்.

வேட்டையே கூடாது என்று எழுத நான் வரவில்லை. நானும் கறி தின்கிறவன்தான். எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு பேச்சால். "துப்பாக்கியால் சுடுவதில் என்ன இருக்கிறது? கப்பி வைத்த காம்பவுண்டு வில் வெறும் இயந்திரம். நெடுவில்தான் நியாயமான வேட்டை. பறவைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம்" என்கிறார்கள். வில்லாளிகள் பலர் இதை வேதவாக்கு மாதிரிச் சொல்வார்கள். நான் சொல்வது இதுதான்: கஷ்டப்பட்டுச் செய்வதாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது. கஷ்டம் வேட்டைக்காரனுக்கு, வலி பறவைக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண நெடுவில்லிலிருந்து கிளம்பும் அம்பு வினாடிக்கு ஏறக்குறைய 160 அடி போகும். 15 கெஜம் என்றால் 45 அடி. அதைக் கடக்கக் கால் வினாடிக்குக் கொஞ்சம் கூட. 30 கெஜம் என்றால் அரை வினாடிக்கு மேல். அரை வினாடி ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் வில் நாணின் சத்தம் வினாடிக்கு 1100 அடி வேகத்தில் போகிறது. அம்புக்கு வெகு முன்னாலேயே பறவையின் காதுக்குப் போய்விடும். வான்கோழி திரும்புவதற்கும், குனிவதற்கும், ஓர் எட்டு வைப்பதற்கும் அந்த அரை வினாடி தாராளம்.

அடுத்தது இலக்கு. ஆண் வான்கோழி பார்க்கப் பெரிதாக இருக்கும், பத்துக் கிலோ வரைகூட வரும். ஆனால் அம்பு போய்ச் சேர வேண்டிய இடம், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், கிட்டத்தட்ட ஒரு கைமுட்டி அளவுதான். மற்றதெல்லாம் இறகு. ஆடும்போது உப்பிக்கொள்வதால் அந்தக் கைமுட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நெடுவில்லில் குறி பார்க்கும் ஊசியும் கிடையாது. பழக்கத்தால் கை சொல்கிறபடி விடுவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. காம்பவுண்டு வில்லை முழுக்க இழுத்த பிறகு கப்பி பாரத்தில் 70, 80 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். பறவை சரியாக நிற்கும் வரை நிதானமாகக் காத்திருக்கலாம். நெடுவில்லில் அந்த வசதி இல்லை. 50 பவுண்டு வில் என்றால் அந்த 50 பவுண்டும் கடைசி நொடி வரை விரலில்தான். தோள் நடுங்க ஆரம்பித்தால் விட்டுத்தான் ஆக வேண்டும், பறவை தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

குறி பிசகினால் என்ன ஆகும்? "அம்பு ஒன்று கொல்லும், இல்லை முழுசாகத் தவறும்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது. தொடையில் பட்ட அம்பு, குடலில் பட்ட அம்பு, மார்புச் சதையில் மட்டும் தைத்த அம்பு. மான் என்றால் ரத்தச் சுவடு பார்த்துப் பின்தொடரலாம். வான்கோழியின் ரத்தத்தை இறகே குடித்துவிடும். தரையில் சொட்டுவது கொஞ்சம்தான். கால் நன்றாக இருந்தால் ஓடும், சிறகு நன்றாக இருந்தால் பறக்கும். பிறகு எங்கோ ஒரு புதரில், இரண்டு நாளோ மூன்று நாளோ...

இப்போது ஷாட்கன்னைப் பாருங்கள். வான்கோழி வேட்டையில் அதைத் தலைக்கும் கழுத்துக்கும் வைக்கிறார்கள். 30, 35 கெஜத்தில் ரவைகள் கூட்டமாகப் போய்ச் சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட்டால் நின்ற இடத்திலேயே விழும். துப்பாக்கிக்காரர்களும் தூரத்தில் சுட்டுக் காயப்படுத்துகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சராசரி மனிதன் கையில், நியாயமான தூரத்தில், எது சீக்கிரம் முடிக்கும் என்று கேட்டால் பதில் சந்தேகமில்லாமல் துப்பாக்கிதான். அழகில்லாத பதில். உண்மையான பதில்.

"பறவைக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம்" என்பதை இப்போது திரும்பப் படியுங்கள். என்ன வாய்ப்பு? தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கொஞ்சம், காயத்தோடு தப்பிக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். இந்த ஒப்பந்தத்தில் பறவை கையெழுத்துப் போடவில்லை. இரண்டு தரப்புக்கும் வேட்டைக்காரனே எழுதி, அவனே கையெழுத்துப் போட்டு, அவனே தன் முதுகைத் தட்டிக்கொள்கிறான்.

அடுத்தது "பாரம்பரியம்". இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கும் :-)

எந்தப் பாரம்பரியம்? ஆங்கில நெடுவில்லின் பெரும்புகழ் போர்க்களத்தில் வந்தது. 1415-இல் அஜின்கோர்ட்டில் ஆயிரக்கணக்கான அம்புகளைப் பிரெஞ்சுப் படை மேல் மழையாகப் பொழிந்த ஆயுதம் அது. கூட்டத்தில் எவன் மேல் பட்டாலும் சரி என்று விட்ட அம்பு. ஒற்றைப் பறவையின் கைமுட்டி அளவு நெஞ்சைத் தேடும் கலை வேறு. அந்த நெடுவில் பிறந்து வளர்ந்த இங்கிலாந்தில் இன்று என்ன நிலைமை தெரியுமா? 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி எந்தக் காட்டுப் பறவையையும் வில்லால் அடிக்கக் கூடாது. துப்பாக்கியால் ஃபெசன்ட் பறவைகளைச் சுடலாம், வில்லைத் தூக்கினால் குற்றம். தாய்வீட்டிலேயே தடை!

அமெரிக்காவில் வில்வேட்டைக்கு மறுபடி உயிர் வந்த கதையையும் பார்க்க வேண்டும். 1911-இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இஷி என்ற மனிதர் வெளியே வந்தார். வெள்ளைக்காரர்கள் கொன்று தீர்த்த யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி ஆள். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயில் இறந்துபோனார். 1923-இல் போப் எழுதிய புத்தகம்தான் அமெரிக்க வில்வேட்டைக்காரர்களுக்கு மூலநூல் மாதிரி ஆனது. 1961-இல் வில்வேட்டைச் சாதனைகளைப் பதிய ஒரு சங்கம் தொடங்கியபோது போப்பின் பெயரையும் அவர் நண்பர் ஆர்ட் யங்கின் பெயரையும்தான் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இஷியின் வில் நெடுவில்லே இல்லை. நரம்பு ஒட்டிய குட்டை வில். அவர் திறமை அருகில் போவதில் இருந்தது. புதரில் அசையாமல் உட்கார்ந்து, உதட்டால் சத்தம் எழுப்பி முயலைத் தன்னிடமே வரவழைப்பார். வேட்டை அவருக்கு வயிற்றுப்பாடு. தவறவிட்டால் பட்டினி. சாகசத்துக்காகத் தூரத்தில் நின்று அம்பு விட அவருக்கு என்ன தலையெழுத்து? அவரிடமிருந்து வில்லை எடுத்துக்கொண்டார்கள். அருகில் போகும் பொறுமையை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்?

இன்றைய "பாரம்பரிய" வேட்டைக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தொழிற்சாலையில் தைத்த பாலியெஸ்டர் கூடாரத்துக்குள். வான்கோழியின் கண் அத்தனை கூர்மை, வில்லை இழுக்கும் அசைவைப் பார்த்தாலே போய்விடும், அதனால் கூடாரம். அதற்குள் ஐந்தரை அடி வில்லை நிமிர்த்திப் பிடித்தால் மேல் நுனி கூரையில் இடிக்கும். மண்டி போட்டு, வில்லைச் சாய்த்துப் பிடித்து விடுகிறார். வெளியே பிளாஸ்டிக் பெட்டை. இதில் தவறில்லை, அருகில் வரவழைக்க எல்லாம் உதவும். ஆனால் இத்தனையும் வைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "அவன் நவீனன், நான் பாரம்பரியம்" என்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம் அவர்களுக்குக் கசக்கும். 1930-களில் அமெரிக்கக் காட்டு வான்கோழி அழியும் நிலைக்கு வந்துவிட்டது. காட்டை வெட்டியதும் கணக்கில்லாமல் கொன்றதும்தான் காரணம். இன்று பல லட்சக்கணக்கில் இருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட 11 சதவீத வரி, மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போனது. 1950-களிலிருந்து பீரங்கி வலை வீசிப் பறவைகளைப் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் கொண்டு போய் விட்டார்கள். வில்லுக்கும் அம்புக்கும் அந்த வரி போடச் சட்டம் திருத்தப்பட்டது 1972-இல்தான். அதுவரை காசு கொடுத்தவன் நீங்கள் ஏளனம் செய்கிற அதே துப்பாக்கிக்காரன்.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும்.

"நெடுவில்லுக்குச் சக்தி இல்லை என்கிறாயா?" இல்லை. ஹோவர்ட் ஹில் ஆப்பிரிக்காவில் நெடுவில்லால் யானையையே வீழ்த்தினார். கூர்மையான அம்பு கைமுட்டியில் பட்டால் வான்கோழி சீக்கிரம் சாகும். பிரச்சினை அம்பு படும் இடம். அதோடு ஹோவர்ட் ஹில் ஒருவர்தான். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி செய்கிற நீங்கள் ஹோவர்ட் ஹில் இல்லை.

"கடையில் வாங்கும் வான்கோழி மட்டும் சுகமாக வாழ்ந்ததா?" இல்லவே இல்லை. அமெரிக்கப் பண்ணைகளில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி வான்கோழி வளர்க்கிறார்கள். மார்புக்கறிக்காகப் பெருக்க வைத்து, இயல்பாக இணைசேரக்கூட முடியாமல், செயற்கைக் கருவூட்டலில்தான் அந்த இனம் ஓடுகிறது. காட்டில் சுதந்திரமாக வாழ்ந்து ஒரு நாள் காலையில் செத்துப்போவது அதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இந்த வாதம் வேட்டைக்குத்தான் பலம் சேர்க்கிறது, வில்லுக்கு இல்லை. துப்பாக்கியால் செத்த பறவையும் அதே காட்டில்தான் வாழ்ந்தது.

அப்படியானால் நெடுவில்லை உடைத்து அடுப்பில் போடச் சொல்கிறேனா? அதுவும் இல்லை. நியாயம் என்று பேச வேண்டுமானால் அதற்கு உரிய விலையைக் கொடுங்கள் என்கிறேன்.

1. உங்கள் தூரத்தை உங்கள் முதல் அம்பு சொல்லட்டும். காலையில் எழுந்து, கை சூடேறுமுன், மண்டி போட்டு ஒரே ஓர் அம்பு. இப்படிப் பல நாள் விட்டுப் பார்த்து, பத்தில் ஒன்பது கைமுட்டிக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பத்து கெஜம் என்றால் பத்து கெஜம். பதினோராவது கெஜத்தில் நிற்கும் பறவை உங்களுடையது இல்லை.

2. ஆடிக்கொண்டோ நடந்துகொண்டோ இருக்கும் பறவைக்கு அம்பு வேண்டாம். இறகை அடக்கி நிற்கட்டும். நிற்கவில்லையா, போகட்டும்.

3. ரத்தம் வந்தால் உங்கள் அனுமதிச் சீட்டு தீர்ந்தது. ஆப்பிரிக்காவில் காசு கட்டி வேட்டையாடுகிறவர்கள், காயப்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழு விலை கொடுக்கிறார்கள். பறவை கிடைக்கவில்லை என்பதற்காக அடுத்த வாரம் இன்னொன்றை அடிக்கப் போவது எந்தக் கணக்கில் நியாயம்?

4. தேர்வு வையுங்கள். டென்மார்க்கில் வில்லால் வேட்டையாட, முதலில் இலக்கில் விட்டுக் காட்டித் தேற வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் வில்வேட்டைக்கென்று தனிப் பாடம் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் பாடத்தில் உட்கார்வது வேறு, அம்பை விட்டுக் காட்டுவது வேறு.

இந்த நான்குக்கும் தயார் என்றால் தாராளமாக நெடுவில்லை எடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லை, வேலை இருக்கிறது, பயிற்சிக்கு நேரமில்லை, ஆனாலும் வசந்தத்தில் காட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு போங்கள். நண்பர்கள் நடுவில் சொல்லக் கதை கொஞ்சம் குறையும். பறவைக்கு அது ஒரு நஷ்டமும் இல்லை.

அம்பின் வாலில் இருக்கும் அந்த மூன்று இறகும் ஏற்கெனவே செத்த ஒரு வான்கோழி கொடுத்தது. அடுத்த வான்கோழிக்கு நாம் தரக்கூடிய மரியாதை ஒன்றே ஒன்றுதான்: சீக்கிரம் முடிப்பது. அதை எந்த ஆயுதம் உங்கள் கையில் செய்கிறதோ அதுதான் நியாயமான ஆயுதம். வளைந்த மரமா, நேரான இரும்புக் குழலா என்பது உங்கள் அழகுணர்ச்சி. அதைப் பறவையின் தலையில் கட்டாதீர்கள்.