ஊரார் கூடமும் வழிப்போக்கரும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்துப் பப்புகளைப் பற்றி வெளியூர்ப் பயணிகள் சொல்வதைக் கேட்டால், எல்லோரும் ஒரே வகைக் கடையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் எழுவது இயல்பு. தலையில் இடிக்கும் உத்தரங்களையும், விறகு எரியும் கணப்பையும், அதன்முன் கல்தரையில் படுத்திருக்கும் நாயையும் ஒருவர் வாய் ஓயாமல் புகழ்கிறார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஏனென்று கேட்க ஆளில்லை, பீர் குளிரவே இல்லை, சாப்பாடு முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள் என இன்னொருவர் குமுறுகிறார். இரண்டு பேச்சும் பெரும்பாலும் மெய்யே. கடைக்காரரின் குணத்தைவிடக் கடையின் இயல்பே இதற்குக் காரணம்: பப் என்பது பெயரளவில் யாவருக்கும் திறந்த இடம், பழக்கத்தில் அந்த ஊராரின் கூடம். அங்கே நடப்பு விதிகள் பல உண்டு. தினமும் வருகிறவர்களுக்கு அவற்றை எழுதிவைக்கத் தேவையில்லாததால், வந்துபோகிறவர்களுக்கும் யாரும் எழுதிவைப்பதில்லை.

அவ்விதிகளில் முதலாவது, மேசைக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது. வேண்டியதை பார் கவுண்ட்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, தாமே எடுத்துவர வேண்டும். மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ் 1996இல் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே பப் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு கையேடு எழுதினார். குடிக்கப் போவதற்குக் கையேடு தேவைப்படும் நாடுகள் உலகில் அதிகம் இருக்க முடியாது. வரிசைக்குப் பேர்போன அந்நாட்டில் பப் கவுண்ட்டரில் மட்டும் வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது ஊற்றித் தருபவருக்கும் காத்திருப்பவர்களுக்கும் தெளிவாகத் தெரியும் என்றும் அவர் கவனித்து எழுதினார். கையைத் தட்டுவதும், விரலைச் சொடுக்குவதும், நாணயத்தால் பலகையைத் தட்டுவதும் குற்றம். காலிக் கோப்பை தெரியும்படி நின்று, ஊற்றுபவரின் கண்ணில் ஒருமுறை பட்டால் போதும். பயணியை முந்தித் தம்மைக் கவனித்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரே "இவர்தான் முதலில் வந்தார்" என்று சொல்லிவிடுவதும் உண்டு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. மனம் நிறைந்தால் "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுப்பதே முறை. இவையெல்லாம் தெரியாமல் மூலை மேசையில் காத்திருக்கும் குடும்பம் அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதையே, உள்ளூர்க்காரர் தம்மை யாரும் தொந்தரவு செய்யாத சுகம் என்று கொண்டாடுகிறார்.

இரண்டாவது மனக்குறை பீரைப் பற்றியது. பாரம்பரியப் பப்பின் பெருமை கேஸ்க் ஏல் எனப்படும் பீப்பாய்ப் பீர். ஆலையில் வடிகட்டிச் சூடுபடுத்தி முடித்துவிடாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பப்படுவதால், பப்பின் நிலவறையில் அது இரண்டாம் முறையும் நொதிக்கிறது. நிலவறைக்குப் பொறுப்பானவர் பீப்பாயின் மேல்துளையில் மென்மையான மரமுளையைச் செருகி, மிகுதியான வாயு கசிந்து போகவும் கசடு அடியில் படியவும் காத்திருந்து, அதன் பிறகே அதைத் திறப்பார். பின்பு கவுண்ட்டரிலுள்ள நீண்ட கைப்பிடியை இழுத்து, கீழிருந்து மேலேற்றி, 568 மில்லிலிட்டர் கொண்ட பைன்ட் கோப்பையில் நிரப்புவார்கள். வெளியிலிருந்து வாயு செலுத்தப்படுவதில்லை. வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஐஸ் போலக் குளிர்ந்து நுரைத்துப் பொங்கும் லாகர் பீரைக் குடித்துப் பழகிய நாக்குக்கு இது சூடாகவும் உப்புசப்பில்லாமலும் படுவதில் வியப்பில்லை. ஆனால் 1971இல் தோன்றிய காம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம் காப்பாற்றப் போராடியது இந்தப் பீரைத்தான். அதற்காகப் பயணியின் நாக்கு எப்போதும் தவறு என்று முடிவுகட்டவும் கூடாது. திறந்த பீப்பாய் ஏறக்குறைய மூன்று நாள்தான் நன்றாக இருக்கும். ஆள் வராத ஊரில், செவ்வாய்க்கிழமை மாலையில், அது புளித்துக் காடி மணம் வீசினால் அதை மரபு என்று ஏற்க வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்தால், நல்ல கடையில் மறுபேச்சின்றி வேறு ஊற்றித் தருவார்கள்.

சாப்பாடு முடிந்துவிட்டது என்ற குறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளர்கள் நிதானமாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பிற்பகலில் பப்புகளை மூடவைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு 1988 வரை நீடித்தது. சட்டம் போய்விட்டாலும் சமையலறையின் பிற்பகல் ஓய்வு போகவில்லை, ஏனெனில் ஒற்றைச் சமையல்காரரை நம்பி நடக்கும் இடத்தில் இரண்டரை மணிக்கு வந்து நிற்பவருக்காக அடுப்பைத் திரும்பப் பற்றவைக்க ஆளில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெங்காயம் அடங்கிய 'உழவர் பகலுணவு' கிடைத்தால் நல்லூழ். பண்டங்கள் பழையவை என்றாலும், அந்தப் பெயரில் அதைப் பரப்பியது 1950களில் பாலாடைக்கட்டி விற்பனையை வளர்க்க முனைந்த வணிக அமைப்பு. விலையைக் குறித்த குறைக்கும் ஒரு பின்னணி உண்டு. பல பப்புகள் மது ஆலைக்கோ பெருநிறுவனத்துக்கோ சொந்தமானவை. அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர், வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும், உரிமையாளர் சொல்லும் இடத்தில் சொல்லும் விலைக்கே பீர் வாங்கியாக வேண்டும்.

எழுதப்படாத விதிகளுக்கு இன்னொரு முகமும் இருந்தது; அதை அழகியலாகப் பூசி மறைப்பது நேர்மையாகாது. முன்பு பல பப்புகள் இரண்டு அறைகளாகப் பிரிந்திருந்தன: எளிய தரையும் பலகையுமாக உழைப்பாளிகளுக்குப் பொது அறை, கம்பளம் விரித்துச் சற்றே கூடுதல் விலையில் லவுஞ்ச். பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக் நகரில், 1960களில் சில பப்புகள் இந்தியரையும் கரீபியரையும் லவுஞ்சுக்குள் விடவில்லை. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே போய் அதை நேரில் பார்த்தார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட இன உறவுச் சட்டம், பப் முதலான பொது இடங்களில் நிறம், இனம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்தது. பிற்காலத்தில் அதே வட்டாரத்தில் பஞ்சாபியர் பல பப்புகளை எடுத்து நடத்தி, பீருடன் தந்தூரி இறைச்சியையும் பரிமாறத் தொடங்கினார்கள். இது தொழில்நகரத்துக் கதைதான். ஆயினும் கதவைத் திறந்ததும் பேச்சு நின்று எல்லாத் தலைகளும் திரும்பும் அந்தக் கணம், வெள்ளைக்காரப் பயணிக்குப் பின்னாளில் சொல்லிச் சிரிக்கும் கதையாகவும், வேறு நிறத்தவருக்கு வெளியேறும் வழியைத் தேடவைக்கும் கணமாகவும் அமையக்கூடும் என்பதற்கு இந்த வரலாறு சான்று.

இன்று உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பிப் பெரும்பாலான கிராமத்துப் பப்புகளால் பிழைக்க முடியாது. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்ட் கிரவுன் பப்பை 2003இல் ஊரார் கூட்டுறவாக வாங்கிக்கொண்டார்கள். அத்தகைய இடத்துக்கும் மலையேற வருபவர்களின் காசு வேண்டும். யார்க்‌ஷயரின் டான் ஹில் விடுதியில், 528 மீட்டர் உயரத்தில், 2021 நவம்பர் இறுதியில் பனிப்புயலால் அறுபதுக்கு மேற்பட்டோர் மூன்று இரவுகள் அடைபட்டபோது, ஓயாசிஸ் என்னும் ராக் குழுவின் பாடல்களைப் பாட வந்த இசைக்குழுவும் அவர்களோடு மாட்டிக்கொண்டது; வினாடிவினாவும் பாட்டுமாகப் பொழுது போய், வழி திறந்தபோது பிரிய மனமில்லாமல் கிளம்பினார்கள். விருந்தினர் சில நாளில் ஊராராகிவிடலாம்; வார இறுதியில் ஒரு மணி நேரத்துக்கு வருபவருக்குத்தான் அது வாய்ப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் முதல், திறந்திருந்த நாள்களில் மேசைக்கே சென்று பரிமாற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. வழிப்போக்கர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது சட்டமாகவே கிடைத்தது. 2021 ஜூலை 19இல் அந்த ஆணை நீங்கியதும், செல்பேசிச் செயலி வழியே மேசைக்குத் தருவிக்கும் வசதியைப் பெரிய சங்கிலிக் கடைகள் தொடர்ந்து வைத்துக்கொண்டன. கிராமத்து வாடிக்கையாளர்களோ எழுந்து, தங்கள் பழைய இடமான கவுண்ட்டருக்கே திரும்பிப் போனார்கள்.