யாருக்குக் கொழுப்பு?

'ஒரே நாளில் தொப்பை மாயம்! சுலபத் தவணை வசதி உண்டு!' இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வரிசையில் இப்போது இடுப்பும் தவணைக்கு வந்துவிட்டது.

லைப்போசக்‌ஷனில் என்ன செய்வார்கள் தெரியுமா? மரத்துப்போகிற மருந்தையும், ரத்தக் கசிவைக் குறைக்கிற மருந்தையும் உப்பு நீரில் கலந்து தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். பிறகு சின்னதாகத் துளை போட்டு, குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். பியூட்டி பார்லர் சமாசாரம் இல்லைங்க இது. ஆபரேஷன்.

'எவ்வளவு ஆகும்?' என்று போன் போட்டால் ஒரு தொகை சொல்வார்கள். அது வயிற்றுக்கு மட்டுமா, தொடைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸ், தியேட்டர் வாடகை, டெஸ்ட்டுகள், வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய இறுக்கமான உடை எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். லீவு போட்ட நாட்களின் சம்பளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அழகுக்காகச் செய்துகொண்டால் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பைசா வராது. மற்ற சிகிச்சைகளுக்கு இருக்கிற ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது.

ஆக, இது வைத்தியம் இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

'எடை குறைஞ்சா உடம்புக்கு நல்லதுதானே?' என்பீர்கள். அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டுச் சோதித்தார்கள். 2004-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால்... எதிலும் முன்னேற்றம் இல்லை. அதிகம் கெடுதல் செய்கிற கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குழாய் அங்கே போகாது. 2011-ல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு இன்னும் மோசம். எடுத்த கொழுப்பு ஒரே வருடத்தில் உடம்புக்குத் திரும்பிவிட்டது. அதுவும் தொடையில் எடுத்தது வயிற்றில் வந்து சேர்ந்தது!

பில்லில் எழுதாத செலவும் உண்டு. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கலாம், குடலில் குழாய் குத்திவிடலாம், மயக்க மருந்து காலை வாரலாம். 2000-ல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, லட்சம் ஆபரேஷனுக்குச் சுமார் 19 மரணம். அதற்குப் பிறகு முறைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, வாஸ்தவம்தான். ஆனாலும் 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். பெற்றோரிடம் சொல்லாமல் போயிருந்தார் என்று செய்திகள் வந்தன. வயது 21.

எல்லா டாக்டர்களையும் திட்டவில்லை. 'இது எடை குறைக்கிற வைத்தியம் இல்லை' என்று நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் முதலிலேயே சொல்லிவிடுவார். அப்படியும் செய்துகொள்வது என்று முடிவெடுத்தால், அது உங்கள் உடம்பு, உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? மயக்க மருந்து நிபுணர் கடைசி வரை கூடவே இருப்பாரா? எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே? பதில் சொல்லத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, அந்த கிளினிக் வாசலுக்கு நம் பெண்களைத் துரத்துவது யார்? குண்டாக இருப்பதையே காமெடி ஆக்கிய சினிமா. 'இடுப்பழகி' என்று நடுப்பக்கத்தில் படம் போடும் பத்திரிகைகள், இந்தப் பத்திரிகை உட்பட. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, 'என்னடி, இப்படி சதை போட்டுட்டே?' என்று கேட்கிற அத்தைகள். அதைக் கேட்டுச் சிரிக்கிற நாம்.

அடுத்தவர் உடம்பைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசுகிறோமே, அதற்குப் பெயர்தான் கொழுப்பு. முதலில் குறைக்க வேண்டியது அதை. செலவே இல்லை.